ஆகஸ்ட் ஓடையில் ஜனவரி உப்பு

பனிக்காலம் முழுக்க, உறைந்த பனியை உருக்கி யாரும் வழுக்கி விழாமல் இருக்க, எங்கள் குடியிருப்பு வாசலில் உப்பு கொட்டுவார்கள். தூவுகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டாணி அளவுக் கட்டிகள் படிக்கட்டு நெடுகக் குவிந்து கிடக்கும், மிதித்தால் நறநறவென்று நொறுங்கும். பனி உருகி ஒரு வாரம் ஆன பிறகும் காய்ந்த தரையில் அப்படியே இருக்கும். அப்புறம் ஒரு மழை, எல்லாம் காணாமல் போகும். கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரி தொலைந்தது என்றுதான் நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஓடும் ஓடையில் தண்ணீரைச் சோதிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கையில் பேனா அளவில் ஒரு கருவி, தண்ணீரின் மின்கடத்துதிறனைக் காட்டும். உப்பு கூடினால் எண் ஏறும். பிப்ரவரியில் பனி உருகிய நாட்களில் எண் எகிறியது, அது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது ஆகஸ்ட். பனியைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது, ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். அப்போதும் எண் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கோடையில் மழை இல்லாத நாட்களில் ஓடையில் ஓடுவது நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீர். வருடா வருடம் கொட்டிய உப்பு கீழே இறங்கிச் சேர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் கசிந்து வருகிறது. இன்றைக்கே உப்பை அடியோடு நிறுத்தினாலும் ஓடை உடனே தேறிவிடாது.

உப்பு என்பது சோடியமும் குளோரைடும். கரைந்ததும் இரண்டும் பிரிந்து ஆளுக்கொரு வழி போகின்றன. குளோரைடை மண் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை, அது சிதைவதில்லை, ஆவியாவதுமில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். சோடியம் வேறு மாதிரி. மண்துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளப்பட்டவை ஓடைக்கு வந்து சேர்கின்றன. பொலபொலவென்று இருந்த மண் கால்சியத்தை இழந்து இறுகிப்போகிறது. மண்ணோடு ஒட்டிக் கிடந்த துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களும் இந்தத் தள்ளுமுள்ளில் விடுபட்டுத் தண்ணீருக்கு வந்துவிடுகின்றன. நாம் போட்டது ஒரே ஒரு உப்பு, ஓடை வாங்கிக்கொள்வது ஒரு கலவை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் இந்த நிலையை 'நன்னீர் உப்பாதல் நோய்க்குறி' என்றே எழுதினார்கள். நோய் என்பது சரியான சொல்தான்.

எவ்வளவு உப்பு போட்டால் கெடுதல்? நீர்வாழ் உயிர்கள் நீண்ட நாள் தாங்கக்கூடிய குளோரைடு வரம்பாக அமெரிக்கா வைத்திருப்பது லிட்டருக்கு 230 மில்லிகிராம், கனடா 120. ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 6 கிராம், அதில் குளோரைடு மட்டும் ஏறக்குறைய 3.6 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 15 லிட்டர் தண்ணீரை அமெரிக்க வரம்புக்கு மேலே ஏற்ற அந்த ஒரு கரண்டி போதும். போன மார்ச்சில் காய்ந்த படிகளில் கிடந்த மிச்ச உப்பைப் பெருக்கி எடை போட்டேன். 2 கிலோ. அதாவது 5,000 லிட்டர் தண்ணீர்.

ஏரியில் நடப்பது இன்னும் வேதனை. உப்புநீர் கனமானது, நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். குளிர்நாட்டு ஏரிகள் பல, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஒருமுறை முழுக்கப் புரளும். மேல்நீரும் அடிநீரும் 4 டிகிரியை ஒட்டி வரும்போது இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிடும், காற்று அடித்தாலே போதும், மொத்த ஏரியும் கலந்துவிடும். அடியில் வாழும் உயிர்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவது அப்போதுதான். அடிநீர் உப்பேறிக் கனத்துவிட்டால் இந்தப் புரளல் தடைபடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டலில் பூட்டிக் கிடந்த பாஸ்பரஸ் வெளியே வருகிறது, பாசி செழிக்கிறது. பாசியைத் தின்னும் டாப்னியா போன்ற நுண்ணிய உயிர்களை உப்பு ஏற்கெனவே குறைத்திருக்கும். நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரை ஒட்டிய இரான்டிக்வாய்ட் விரிகுடா 1970 வசந்தத்தில் இப்படித்தான் முழுமையாகக் கலக்காமல் நின்றது. அடுத்த வருடமே அறிவியல் இதழில் கட்டுரை வந்துவிட்டது. அதே மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில் மிரர் ஏரிக்கும் பின்னாளில் இதே கதி. அரை நூற்றாண்டாகத் தெரிந்த விஷயத்துக்கு இன்னும் அசையாமல் இருக்கிறோமே என்பதில்தான் எனக்குக் கோபம்.

மீன், பாசி பற்றி யாருக்குக் கவலை என்பவர்களுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரை நினைவூட்டுகிறேன். 2014இல் ஆற்றுநீருக்கு மாறினார்கள், அதில் குளோரைடு அதிகம், சாலை உப்புக்கும் அதில் பங்கு உண்டு. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால் ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. அங்கிருந்த இயந்திரத் தொழிற்சாலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்த வருடமே அந்தத் தண்ணீரைக் கைவிட்டது. குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா இதே படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தவர். ஆம்புலன்ஸ் போக வேண்டிய சாலையில் பனி உறைந்து கிடக்கக்கூடாது. ஆனால் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு கிட்டத்தட்ட வேலைக்கு ஆகாது. அன்றைக்குத்தான் பயத்தில் இன்னும் இரண்டு மூட்டை பிரிக்கிறார்கள்! அந்தக் குளிரில் பிடிப்புக்கு மணல் போடலாம். பனி விழுவதற்கு முன்பே 23 சதவீத உப்புக்கரைசலைத் தெளித்துவிட்டால் தரையோடு பனி ஒட்டாது, உப்பும் கட்டியாகத் தெறித்து ஓரத்துக்கு ஓடாது. முதலில் பனியை வழித்துத் தள்ளிவிட்டுப் பிறகு உப்பு போட்டாலே பெரிய மிச்சம். கால்சியம் குளோரைடுக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது தவறு, அதில் ஒவ்வொரு கால்சியத்துக்கும் இரண்டு குளோரைடு வருகிறது.

எங்கள் நிர்வாகத்திடம் இதையெல்லாம் சொன்னபோது, "யாராவது விழுந்து வழக்குப் போட்டால் நீங்களா வந்து நிற்பீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். பார்க்கிங்கிலும் கடை வாசலிலும் உப்பு இப்படிக் கொட்டப்படுவதற்கு அந்தப் பயம் ஒரு பெரிய காரணம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, முறைப்படி அளவாக உப்பு போடுகிறவர்களுக்கு அந்த வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பு. 1938இல் சாலைக்கு உப்பு போட்டுச் சோதனையைத் தொடங்கிவைத்த மாநிலமும் அதுதான்.

பெருக்கிய அந்த 2 கிலோவை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பனிக்கு முன்னால் குடியிருப்போர் கூட்டம் இருக்கிறது. ஜாடியையும் ஆகஸ்ட் அளவீட்டுத் தாளையும் அங்கே மேஜையில் வைக்கப்போகிறேன்.