எப்படி இருந்தது என்று கேட்டால் இதுவா பதில்?

"போன வீடியோவில் சத்தம் தெளிவாகக் கேட்டதா?" இவ்வளவுதான் கேள்வி. வந்த பதில்களில் பாதி தீ எமோஜி, மீதி கத்தரிக்காய் எமோஜி. கத்தரிக்காயை வைத்துக்கொண்டு நான் மைக்கை எப்படி ஐயா சரி செய்வது?

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வீடியோ எடிட்டர். கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ, வீடு விற்பவர்களுக்கான வீடியோ எல்லாம் வரும், போகும். மாதாமாதம் தவறாமல் வருவது ஒன்றே ஒன்று. வயது வந்தோருக்கான சந்தா தளத்தில் சொந்தமாகப் பக்கம் நடத்தும் ஒரு பெண்ணின் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது. முப்பது தாண்டியவர். தன் விருப்பத்தில் செய்கிறார், ஒழுங்காக வரி கட்டுகிறார், எனக்குச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டதே இல்லை. பிரிட்டனில் இது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். இந்தியாவில் இதே வீடியோவை இணையத்தில் ஏற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறை. அதனால் ஊரில் கேட்பவர்களிடம் அம்மா "மீடியாவில் இருக்கிறான்" என்று சொல்லிக்கொள்கிறார். பொய்யில்லையே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சந்தா கட்டிப் பார்க்கிறவர்களிடம் அவர் அடிக்கடி கருத்து கேட்பார். நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால் வேலை சுலபம்தானே? ஒரு மண்ணும் தெரியவராது. நீளம் போதுமா, வெளிச்சம் எப்படி, தொடக்கத்தில் அவர் பேசுவது வேண்டுமா வேண்டாமா, எந்தக் கிழமை போட்டால் வசதி... எல்லாம் ஒரு சொல்லில் முடியும் கேள்விகள். அதற்கு ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதுகிறார். ஒருவர் கேட்காமலே தன் படத்தை அனுப்புகிறார். "உன் வீடு எந்த ஏரியா?" என்று ஒருவர். "இலவசமாக அனுப்பு, பார்த்துவிட்டுக் கருத்து சொல்கிறேன்" என்று இன்னொரு புண்ணியவான். சந்தாவையே நிறுத்திவிட்டுப் போன ஆள், வேறொரு தளத்தில் அவருடைய விளம்பரத் துணுக்குக்குக் கீழே வந்து "முன்ன மாதிரி இல்லை" என்று எழுதுகிறார். முன்ன மாதிரி என்றால் எந்த மாதிரி? அதைச் சொல்லித் தொலைக்கக்கூடாதா?

சொன்னால் நாங்கள் செய்வோம். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு முறை ஒரு மனிதர், பெயரில்லாத கணக்கு, எழுதினார்: "இரண்டாவது அறையில் எடுப்பவற்றில் எல்லாம் அடியில் ஒரு ரீங்காரம் கேட்கிறது. பிரிட்ஜாக இருக்கலாம்." நான் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பிரிட்ஜேதான். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அன்றிலிருந்து அந்தப் பெண் படம் எடுக்கும்போது பிரிட்ஜை அணைத்துவிட்டு, மறக்காமல் திரும்பப் போட வேண்டும் என்பதற்காகத் தன் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுகிறார். சாவி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாதல்லவா? ஒரே ஒரு வரிக் கருத்து, எல்லா வீடியோவும் சுத்தமாகிவிட்டது. அந்த மனிதருக்கு ஒரு மாதச் சந்தாவை இலவசமாகக் கொடுத்தார். அவரும் நன்றி என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட ஆட்கள் ஏன் எப்போதாவது ஒருவர்தான் வருகிறார்கள்?

மற்றவர்களுடைய கருத்து, கருத்தே அல்ல, உத்தரவு. "முடியாது" என்று பக்கத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருப்பதைத்தான் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். அப்புறம் "உன் தோழியையும் சேர்த்துக்கொள்" என்று ஒரு கூட்டம். தோழி என்ன, கடையில் வாங்கி வருகிற சாமானா? கார்டில் பணம் வாங்கும் தளங்களுக்கு மாஸ்டர்கார்டு 2021 அக்டோபர் 15 முதல் கொண்டுவந்த விதிப்படி, இப்படிப்பட்ட வீடியோவில் தோன்றும் ஒவ்வொருவருடைய வயதுக்கும் அடையாளத்துக்கும் ஆவணம் இருக்க வேண்டும், அவர்களுடைய சம்மதமும் பதிவாகியிருக்க வேண்டும், வெளியாகும் முன்பே தளம் அதைச் சரிபார்க்கவும் வேண்டும். நியாயமான விதி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு புது ஆள் சட்டகத்துக்குள் வர எத்தனை காகிதம், எத்தனை கையெழுத்து என்று கேட்பவனுக்குத் தெரியாது. "பூங்காவில் எடுக்கலாமே" என்கிறவனுக்கோ, போலீஸ் வந்தால் வழக்கு யார் மேல் விழும் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை.

வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தாயிற்று. அதாவது மௌனமாக ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். நீளமான வீடியோதான் வேண்டும் என்று அடித்துச் சொன்னார்கள். நம்பி, நானும் தூக்கம் கெட்டு, நிறத்தைச் சரிசெய்து, நீளமாகவே கொடுத்தேன். பார்வைக் கணக்கைத் திறந்தால், பெரும்பாலானோர் தொடக்கத்தைத் தள்ளிவிட்டு நடுவில் குதித்து, முடிவதற்குள் ஓடிவிட்டிருக்கிறார்கள். வாயால் ஒன்று, விரலால் ஒன்று. இனி விரலை மட்டும் நம்புவது என்று நான் தீர்மானித்தேன். அவரோ இன்னும் வாயை நம்புகிறார்.

இவர்கள் மேல் மட்டும் கோபப்பட்டால் நியாயமில்லை. இந்தத் தொழிலில் "எப்படி இருந்தது, கண்ணா?" என்ற கேள்வியே பாதி இடங்களில் போலி. பெரிய பக்கங்களின் சார்பில் இன்பாக்ஸில் பேசுவது பல நேரம் அந்தப் பெண்ணே கிடையாது. ஏஜென்சிக்காரர்கள் கூலிக்கு அமர்த்தும் ஆட்கள், உலகத்தின் வேறொரு மூலையில் ஷிப்ட் போட்டு, அவர் பெயரில் கொஞ்சுவார்கள். கருத்து கேட்பதும் அவர்கள்தான், அதே மூச்சில் அடுத்த வீடியோவை விற்பதும் அவர்கள்தான். நாங்கள் பேசியது நிஜ ஆளோடு என்று நம்பி ஏமாந்தோம் என்று, இந்த வகைச் சந்தா தளமான ஒன்லிபேன்ஸின் சந்தாதாரர்கள் சிலர் 2024இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். இப்படி ஊரெல்லாம் பொய்க்கேள்வி கேட்டு வைத்திருந்தால், நிஜமாகக் கேட்பவரையும் யார் மதிப்பார்கள்? எங்களவர் தன் செய்திகளைத் தானே படிக்கிறார். அத்தனையையும். படித்துவிட்டுச் சில நாள் கேமராவைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் எனக்கும் வேலை இல்லை.

இதில் உண்மையான வேடிக்கை மேலே நடக்கிறது. ஒன்லிபேன்ஸ் 2016இல் லண்டனில் தொடங்கிய தளம். படைப்பவருக்கு 80, தனக்கு 20 சதவீதம். 2021 ஆகஸ்ட் 19 அன்று, அக்டோபர் முதல் வெளிப்படையான பாலியல் வீடியோக்களுக்குத் தடை என்று அறிவித்தார்கள். எவருடைய வீடியோக்களால் அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததோ, அவர்களுக்கே கதவடைப்பு. வங்கிகள் தரும் நெருக்கடி என்று காரணம் சொன்னார்கள். ஆறே நாளில், 25ஆம் தேதி, தடை இல்லை என்று பின்வாங்கினார்கள். அந்த ஆறு நாள் எத்தனை பேர் வாடகைக்கு என்ன செய்வது என்று விழித்திருப்பார்கள்! அவர்களிடம் யார் கருத்து கேட்டார்கள்? ரசிகன் சத்தம் சரியா என்று சொல்ல மாட்டான், கம்பெனி சோறு உண்டா என்று கேட்காது. நடுவில் இருப்பவர் மட்டும் எல்லோரிடமும் பணிவாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"அந்த மாதிரி வீடியோ போட்டால் அந்த மாதிரிதான் கமெண்ட் வரும்" என்று அறிவுரை சொல்ல யாராவது வருவீர்கள், தெரியும். போய் யூடியூபில் ஏதாவது ஒரு தமிழ்ப் பெண் வத்தக்குழம்பு வைத்துவிட்டு "எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்கிறாரே, அதற்குக் கீழே படித்துப் பாருங்கள். புளி கூடிவிட்டதா என்று சொன்னவர் எத்தனை பேர், அவருடைய இடுப்பைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர் என்று பிரித்து வையுங்கள். அப்புறம் பேசலாம்.

அடுத்த வாக்கெடுப்பு வெள்ளிக்கிழமை. கேள்வியை இந்த முறை நான்தான் எழுதினேன். வெளிச்சம் போதுமா, போதாதா. இரண்டே பொத்தான். கமெண்ட் பெட்டியைப் பூட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். அவர் மாட்டேன் என்கிறார், அந்த பிரிட்ஜ்காரர் மறுபடியும் ஏதாவது சொல்ல வந்தால் என்ன செய்வது என்கிறார்.