ஒழுகினா ஷீட்டு போட்டவன்தான் குத்தவாளியா?

ஐப்பசி மழை ரெண்டு நாள் புடிச்சுப் பேஞ்சாப் போதும், கூரை ஷீட்டு போடற எங்க தொழில்ல இருக்கறவன் போனை எடுக்கவே பயப்பட வேண்டியிருக்கு. "ஏனுங்க, நீங்க போட்ட ஷீட்டு ஒழுகுதுங்க." அதோட விட்டாத் தேவல. "அந்த பேலன்ஸ இப்போதைக்கு மறந்துருங்க"ன்னு அடுத்த பேச்சு ரெடியா இருக்கும். தண்ணி எந்த வழியா இறங்குது, யாரு செஞ்ச வேலையில இருந்து இறங்குதுன்னு ஒருத்தரும் மேல ஏறிப் பாக்கறதில்ல.

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் தறிக் குடோனுக்கும் வீட்டு மாடிக்கும் கூரை போடறதுதான் எங்க பொழப்பு. சித்திரை, வைகாசியில வேலைய முடிச்சுக் குடுப்போம். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஒரு ஆட்டு ஆட்டும். அதுக்கு நடுவுல சோலார்காரர் ஏறுவாரு, டேங்க் வெக்கறவர் ஏறுவாரு, கேபிள்காரர் ஏறுவாரு. ஷீட்டத் தாங்கற பர்லின் சட்டத்து மேல கால் வெக்காம நடு ஷீட்டுல மிதிச்சு அமுக்கிப்போட்டுப் போவாங்க. வாஷர் இல்லாத ஸ்க்ரூவ அடிச்சுப்போட்டுப் போவாங்க. சொட்ட ஆரம்பிச்சா மட்டும் எங்க நம்பர் ஞாபகம் வரும்.

போன வருசம் ஒரு தறிக் குடோன். பழைய சிமெண்ட் ஷீட்ட இறக்கிட்டுக் கலர் ஷீட்டு போடற வேலை. மேக்கால ஷீட்டு போய்ப் பெரிய செவுத்துல முட்டுது. அந்த இடத்துல செவுத்துல காடி, அதான் நீளமா ஒரு பள்ளம், வெட்டி, தண்ணி உள்ள எறங்காம தடுக்கற பிளாஷிங் தகட்ட உள்ள சொருகி, மேல சிமெண்ட் பூசணும். தகடு சொருகறது எங்க வேலை, பூசறது கொத்தனார் வேலை. "கொத்தனாரு நம்ம ஆளுதானுங்க, நாளைக்கே பூசிருவாரு"ன்னாரு ஓனரு. நாங்க தகட்டச் சொருகிட்டு, காடி வாயத் தெறந்துட்டுக் கெடக்கறதக் கிட்ட நின்னும் தள்ளி நின்னும் படம் எடுத்து, அன்னிக்குச் சாயந்தரமே அவருக்கு அனுப்பி, "பூச்சு பாக்கி இருக்குங்க, மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க"ன்னு எழுதியும் போட்டோம். நீல டிக் விழுந்துச்சு. கொத்தனார்தான் வரல. மழை வந்துச்சு. காடி வழியா எறங்குன தண்ணி நேரா தறி மேல சொட்டி, அதுல ஓடுன பாவு நூலு நனைஞ்சு போச்சு. பழி எங்க மேல.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் முன்னாடி உக்காந்து பேசுனோம். எடுத்த எடுப்புலயே அவரு ஓனர் பக்கம் சாஞ்சுட்டாரு. போனைத் தெறந்து காட்டுனேன். காடி, உள்ள தகடு, அதுக்கு மேல ஒரு பொட்டு சிமெண்ட் இல்ல, கீழ ஓரத்துல தேதி, நேரம், ஊர்ப்பேரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வெரலால பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தாரு. "ஏனப்பா, கொத்தனாரக் கூப்புடாம இவங்களப் புடிச்சு எதுக்குச் சண்ட கட்டற?" பேலன்ஸ் வந்துச்சு. அந்தப் படம் மட்டும் இல்லீன்னா கூலியும் போயி, பாவுக்கு நட்டமும் நாங்கதான் கட்டியிருக்கணும். காங்கயம் பக்கம் ஒரு தம்பி இதே மாதிரி ஒரு தகராறுல காட்ட ஒரு படம் இல்லாம பேலன்ஸ விட்டுட்டு வந்தான். ஆளுங்களுக்குச் சனிக்கிழமைக் கூலி குடுக்க வட்டிக்கு வாங்குனான். நெனச்சாலே வயிறு எரியுது.

ஓனருங்களக் காட்டியும் எங்க ஆளுங்க மேலதான் எனக்குக் கோவம் எச்சு. படம் எடுத்தாக் கேலி பண்றாங்க, நேரம் வீணாம். வேலை முடிஞ்சதும் கீழ நின்னு பளபளன்னு ஒண்ணு எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கத் தெரியுதில்ல? அந்தப் படம் சண்டைக்கு உதவாதுடா சாமி. சண்டை வர்றதே மூடுன பொறகு கண்ணுக்குத் தெரியாம போற இடத்துலதான். பழைய கூரை மேல கை வெக்கறதுக்கு முன்னாடியே செவுத்து விரிசலையும் பழைய ஒழுகல் கறையையும் எடு. தறிக்குத் தார்ப்பாய் போட்டு மூடுனத எடு. ஷீட்டுக்கு ஷீட்டு எவ்வளவு ஏறி உக்காந்திருக்குன்னு டேப்பு வெச்சு எடு. 0.50 எம்எம் பேசிட்டு 0.45 போட்டுட்டீங்கன்னு வர்ற சண்டைக்கு, ஷீட்டோட அடிப்பக்கம் அச்சடிச்சிருக்கற கம்பெனிப் பேரையும் கனத்தையும் மேல ஏத்தறதுக்கு முன்னாடியே எடு. சீலிங் அடிச்சுட்டா அந்த எழுத்தத் தேடி எங்க போவ? அறுக்கறப்ப தெறிக்கற இரும்புத் தூளக் கூட்டாம விட்டா மழைத்தண்ணி பட்டதும் துருப்புள்ளி விழும், மட்ட ஷீட்டுன்னு பேரும் வரும். கூட்டு, கூட்டுன பொறகு எடு.

இன்னொண்ணு. வாட்ஸ்அப்புல சும்மா அனுப்புனா படம் சுருங்கிரும், கண்ணுக்குத் தெரியாம அதுக்குள்ள பதிஞ்சிருக்கற தேதியும் எடமும் கழண்டு போயிரும். டாக்குமெண்ட்டா அனுப்பு, மூலப் படத்த அழிக்காத. விவகாரம் கோர்ட்டுக்குப் போனா, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கற பாரதிய சாக்ஷிய அதினியம்ங்கற சாட்சியச் சட்டத்தோட 63-வது பிரிவு போன்ல இருக்கற படத்துக்குச் சான்றிதழும் கேக்கும். மூலப்படத்தையே அழிச்சுப்போட்டு அங்க போயி என்னத்தக் காட்டுவ?

ஓனருங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். போனை எடுத்ததும் "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. உங்க கண்ணு முன்னாடி எடுத்து, உங்களுக்கும் ஒரு காப்பி குடுக்கறோம். எங்க வேலை சொத்தையா இருந்தா அதே படத்த எங்க மூஞ்சிக்கு நேரா நீட்டிக் கேளுங்க, பதில் சொல்றோம், செஞ்சும் குடுக்கறோம். அடுத்தவன் செஞ்ச தப்புக்கு எங்க கூலியப் புடிக்காதீங்க.

இந்த சீசன்ல இருந்து கொட்டேஷன்லயே எழுதியாச்சு: இறக்கறதுக்கு முன்னாடி படம், மூடறதுக்கு முன்னாடி படம், ஒப்படைக்கறப்ப ஓனரையும் கூட்டிக்கிட்டு ஏறிப் படம். சம்மதம்னா கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் குடுங்க. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கங்க.