இன்கமிங் கட்டணத்தை மறந்துவிட்டீர்களே!

கற்பனை நாடு ஒன்றுக்குச் செல்போன் நிறுவனம் அமைத்து, பத்தே ஆண்டுகளில் அது கொடிகட்டிப் பறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோபுரங்கள், அமைச்சர் பேசிய முதல் அழைப்பு எல்லாம் சரி. வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்கிய காலம் எங்கே? அது இல்லாத செல்போன் வரலாற்றை எங்கள் தலைமுறை நம்பாது ஐயா.

இங்கே இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று: கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். சென்னைக்கு ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று இரண்டே நிறுவனங்கள். மயிலாப்பூரில் எங்கள் மாமா ஒரு செல்போன் வாங்கினார். அதன் கனத்தில் சட்டைப்பை தொங்கிப்போய்விடும். மணி அடித்தால் எண்ணைப் பார்ப்பார், துண்டிப்பார், லஸ் முனையில் காசு கொடுத்துப் பேசுகிற எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவார். அவர் தலையைக் கண்டதுமே பூத்காரர் ரிசீவரை எடுத்து நீட்டிவிடுவார்! போனை எடுக்காமலே சேதி சொல்ல வீட்டில் ஓர் ஏற்பாடு: மணி ஒருமுறை அடித்து நின்றால் 'கிளம்பிவிட்டேன்', இருமுறை என்றால் 'பால் வாங்கி வா'. 2003 மே மாதம் இன்கமிங் இலவசமான பிறகுதான் காய்கறிக்காரர் கையிலும் போன் வந்தது. வளர்ச்சிக்குக் காரணம் கோபுரமல்ல, கட்டணம்.

வீழ்ச்சியையும் எழுதுங்கள். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி ஊரெல்லாம் பரவிய ஏர்செல், 2018-ல் திவால் மனு போட்டது. உங்கள் கற்பனை நாட்டில் அப்படி நடந்தால் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக வழி உண்டா? அடுத்த பகுதியில் சொல்லுங்கள்.