சித்ர சந்தைக்குப் போனால் ஒரு படத்தோடு திரும்புங்கள்

2022 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. யுகாதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பெங்களூரின் புங்க மரங்களெல்லாம் பழைய இலையைக் கொட்டிவிட்டு, எண்ணெய் தடவினாற்போலப் பளபளக்கும் தளிரோடு நின்ற நேரம். ஓவியர்கள் தெருவிலேயே படம் விற்கும், வழக்கமாக ஜனவரியில் நடக்கும் சித்ர சந்தை, கொரோனாவின் மூன்றாம் அலையால் அந்த வருடம் மட்டும் வசந்தத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அதற்கு முந்தின வருடம் சந்தை தெருவுக்கே வரவில்லை, இணையத்தில் முடிந்துவிட்டது. அதையும் லேப்டாப்பில் பார்த்தேன். நாற்பது, ஐம்பது படம் தள்ளியதும் கண் சோர்ந்துபோய் மூடிவைத்துவிட்டேன். ஒரு படமும் மனதில் நிற்கவில்லை.

ஆக இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து ஓவியர்கள் தெருவில் வந்து உட்கார்ந்த நாள் அது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் காசு கொடுத்து ஓர் ஓவியம் வாங்கினேன். அதற்கு முன் எட்டு வருடம் அதே சந்தைக்குப் போய், நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறேன். அந்த எட்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கர்நாடக சித்ரகலா பரிஷத் 1960இல் தொடங்கிய அமைப்பு. அதைக் கட்டி எழுப்பியதில் எம்.எஸ். நஞ்சுண்டராவ் என்ற ஓவியருக்குப் பெரிய பங்கு உண்டு. அது இருக்கும் குமாரகிருபா சாலையில், இருபது வருடத்துக்கும் மேலாக, வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலை முழுவதையும் ஓவியர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். பல மாநிலங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நடைபாதையில், மதில் சுவரில், கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கயிற்றில் என எங்கு பார்த்தாலும் படம். மதுபனி, வார்லி, கோண்டு, களம்காரி, பட்டசித்ரா என்று பல பகுதிகளின் மரபுப் பாணிகள், எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், கரிக்கோல். நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், லட்ச ரூபாய்க்கும் கிடைக்கும். காலையில் தொடங்கி இருட்டும்போது முடிந்துவிடும். மறுநாள் அதே சாலையில் வழக்கம்போல் வண்டி ஓடும்.

கன்னடத்தில் ‘சந்தே’ என்றால் நம் சந்தைதான். அந்தப் பெயரை வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கண்காட்சி என்றிருந்தால் கண்ணால் கண்டுவிட்டு வந்தால் போதும். சந்தைக்குப் போகிறவர் கையில் பை இருக்க வேண்டும், திரும்பும்போது பைக்குள் ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் வாரச் சந்தைக்குப் போய்விட்டு ஒன்றும் வாங்காமல் வந்தால், “சும்மா எதுக்குப் போன?” என்றுதான் கேட்பார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் வீட்டுச் சுவரில் படம் இல்லாமல் இருந்ததில்லை. எல்லாம் கடைக்காரர்கள் கொடுத்த காலண்டர் படங்கள். வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார் அப்பா. அதில் ஒரு படத்தின் ஓரத்தில் ‘சி. கொண்டையராஜு’ என்று சின்னதாக ஒரு கையெழுத்து இருக்கும். அந்த மனிதர் எங்கள் ஊரிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர், தென்னாட்டு வீடுகளின் பூஜை அறைகளில் பாதிக்கு முகம் கொடுத்தவர், 1976இல் காலமானவர் என்பதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட படம். அதை ஒரு கை வரைந்தது, அந்தக் கை எங்கள் ஊர்த் தெருவில் நடமாடியது என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. ஓவியம் என்றால் அச்சாகி வருவது, இனாமாகக் கிடைப்பது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

எட்டு வருடம் நான் வெறுங்கையோடு திரும்பியதற்குக் காரணம் காசில்லாதது அல்ல. அந்த வருடங்களில் பதினைந்தாயிரத்துக்குப் போன் வாங்கினேன், எட்டாயிரத்துக்குச் சேலை வாங்கினேன். படம் மட்டும், “அதெல்லாம் நமக்கில்லை, பெரிய பங்களாக்காரர்களுக்கு” என்று மனதில் பதிந்துபோயிருந்தது. கேலரிகளின் வாசலில் இருக்கும் கண்ணாடிக் கதவும் காவலாளியும் ஏசிக் குளிரும் அதைத்தான் சொல்லாமல் சொல்கின்றன. உள்ளே போனால் விலை கேட்கக் கூச்சம், கேட்டுவிட்டு வாங்காமல் வரக் கூச்சம். தெருவுக்குக் கதவே இல்லை. குமாரகிருபா சாலையில் நான் பார்த்திருக்கிறேன்: ஆட்டோ ஓட்டுநர்கள் காக்கிச் சட்டையோடே நின்று பார்ப்பார்கள், கட்டட வேலைக்கு வந்த குடும்பம் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கும், கல்லூரிப் பிள்ளைகள் கரிக்கோலால் தங்கள் முகத்தை வரையச் சொல்லி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் “என்ன வேணும்?” என்று கேட்பதில்லை.

இனி அந்த மார்ச் மாதத்து நாள். வெயில் ஏறிவிட்டது. ஜனவரிக் குளிரில் நடந்து பழகிய சந்தையில் அன்றைக்கு எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில், தலையில் துண்டு. ஒரு மர நிழலில் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கடை விரித்திருந்தார். கடை என்றால் ஒரு தார்ப்பாய், அதன்மேல் பத்துப் பன்னிரண்டு நீர்வண்ணப் படங்கள், காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு கல். அதில் ஒரு படம், விடிகாலை டீக்கடை. பித்தளை பாய்லர், பக்கத்தில் டீ ஆற்றும் ஒரு கை, நடுவில் ஆவி. கடைக்காரரின் முகம்கூடப் படத்தில் இல்லை. குனிந்து பார்த்தவள் நிமிரவில்லை. அந்த ஆவி அசைவது போலவே இருந்தது.

“தம்பி, இந்த ஆவிய எப்படிப் போட்டீங்க? வெள்ளை பெயின்டா?”

“இல்லக்கா. அத நான் வரையவே இல்ல, விட்டுட்டேன். அது வெறும் தாள்.”

பிறகு பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நீர்வண்ணத்தில் வெள்ளையை மேலே பூசுவதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்களாம். வெளிச்சம் எங்கே வேண்டுமோ அங்கே தாளை அப்படியே விட்டுவைக்க வேண்டும். முதலில் அந்த இடத்தைச் சுற்றித் தண்ணீரால் நனைத்து, ஈரம் காயுமுன் கருநீலத்தை ஓரமாகத் தொட்டுவிட்டால் அது தானாகப் பரவிக் கரையும். பரவல் எங்கே நிற்க வேண்டுமோ அந்த நொடியில் உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் தாள் போயிற்று, திருத்த முடியாது. “இதே படத்துக்கு முன்னாடி அஞ்சு தாள் வீணாப்போச்சுக்கா” என்றார். ஒரு முழுத் தாள் நானூறு ரூபாய். அதை நாலாக வெட்டித்தான் வரைகிறார். முந்தின நாள் ராத்திரி முன்பதிவில்லாப் பெட்டியில், படங்களை அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

விலை 1,500 என்றார். பழக்க தோஷத்தில் என் வாயிலிருந்து “ஆயிரத்துக்குத் தருவீங்களா?” என்று வந்துவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. படத்தை ஒரு தடவை பார்த்தார், “எடுத்துக்கங்கக்கா” என்றார். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்தேன். மேற்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பேரும் குடித்தோம்.

பேரம் பற்றி என் கருத்து இதுதான். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதைவிடச் சரியில்லாதது படத்துக்குப் பேரம் பேசுவது. அங்கே உட்கார்ந்திருப்பவர் வியாபாரி அல்ல. பலருக்கு வருடத்தில் ஓவியத்தை நேரடியாக விற்க வாய்ப்பது இப்படி ஒன்றிரண்டு நாள்தான். நடுவில் தரகர் இல்லை, கமிஷன் இல்லை, நீங்கள் கொடுப்பது அப்படியே அவர் கைக்குப் போகிறது. விலை உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லையா, “இதைவிடச் சின்னதா ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். கட்டாயம் இருக்கும். பல ஓவியர்கள் அஞ்சலட்டை அளவில்கூட வரைந்து கொண்டுவருகிறார்கள்.

இன்னொன்றும் வருடாவருடம் என் காதுபடக் கேட்கிறது: “போட்டோ எடுத்துக்க, கேன்வாஸ்ல பிரின்ட் போட்டுக்கலாம்.” ஓவியர் எதிரிலேயே சொல்கிறார்கள். அவர்களுக்குத் தமிழோ கன்னடமோ தெரியாது என்ற தைரியம். கேமராவை நேராகப் பிடித்து, ஓரம் வெட்டாமல், நிழல் விழாமல் எடுக்கும்போதே எதற்கென்று எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும். ஓவியர்கள் சிலர் ‘புகைப்படம் எடுக்காதீர்கள்’ என்று அட்டை எழுதி வைக்கிறார்கள், வருகிறவர்கள் அதையும் சேர்த்தே எடுக்கிறார்கள். இது திருட்டு. எனக்கு வேறு மென்மையான சொல் தெரியவில்லை. படத்தை எடுக்க வேண்டுமென்றால் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அவர் பெயரோடு போடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் தேடுவது தஞ்சாவூர் ஓவியம் என்பதால் அதற்கும் ஒரு வார்த்தை. அந்தத் தெருவில் தஞ்சாவூர்ப் படங்களும் மைசூர்ப் படங்களும் ஒன்றுக்கொன்று எதிரில் இருப்பதைப் பார்க்கலாம். இரண்டுமே விஜயநகர மரபின் வழி வந்தவை என்பார்கள். தஞ்சாவூரில் புடைப்பு எழும்பி நிற்கும், கல் பதிந்திருக்கும், தங்கம் அள்ளி வைத்திருக்கும். மைசூரில் புடைப்பு மெல்லியது, விரலால் தடவினால்தான் தெரியும், கோடுகளின் நுணுக்கம்தான் அதன் அழகு. எனக்கு மைசூர் பாணி கூடுதலாகப் பிடிக்கும், தஞ்சாவூர்க்காரர்கள் மன்னிக்கட்டும். வாங்கும்போது தங்கத் தாளா, போலித் தாளா என்று தயங்காமல் கேளுங்கள். போலித் தாள் வருடம் போகப்போகக் கறுத்துவிடும். உண்மையான கைவேலைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பலகை, துணி, சுண்ணப்பூச்சு என்று அடியிலிருந்து விளக்குவார். அந்த விளக்கத்துக்காகவே கேட்கலாம்.

அந்தக் கும்பகோணத்துத் தம்பியிடம், “இவ்வளவு தூரம் வரணுமா, உங்க ஊர்லயே விற்க முடியாதா?” என்று கேட்டேன். “இங்கதான்கா வாங்குறதுக்குன்னே வர்றாங்க” என்றார். அது என்னை விட்டுப் போகவே இல்லை. சென்னையில் 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது. ஓவியர்களே நிலம் வாங்கி 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் இருக்கிறது. வரைகிறவர்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. மகாமகக் குளத்தைச் சுற்றி நாலு தெரு இருக்கிறதே, வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குனியிலோ தை மாதத்திலோ, காலை முதல் மாலை வரை வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் விட்டுக்கொடுத்தால் என்ன? மதுரையில் மாசி வீதி இல்லையா? பந்தல் வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். தெருவும் கயிறும் குடிதண்ணீரும் கழிப்பறையும் போதும். தேருக்கும் ஊர்வலத்துக்கும் தெருவை மறிக்கத் தெரிந்த ஊர்கள் நம்முடையவை. இதைக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன். கும்பகோணத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உள்ளூரில் பேசிப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வெளிச்சம் குறையக் குறைய ஓவியர்கள் விற்காத படங்களைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்கள். பழைய வேட்டி, செய்தித்தாள், கோணி. ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் காலையில் கொண்டுவந்த அதே தடிமனான கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பனையோலைப் படம் ஒன்றைக் காலையிலேயே பார்த்து, “அப்புறம் வந்து வாங்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். நான் கையில் வைத்திருந்த பணம் தீர்ந்துவிட்டது, போன் பேட்டரியும் செத்துவிட்டது. அந்தச் சிரிப்பை எதிர்கொள்ள முடியாமல் நகர்ந்தேன். அடுத்த வருடம் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ‘அப்புறம் வர்றேன்’ என்ற சொல்லை ஓவியர்களிடம் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை எட்டு, எட்டரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் படம் தெரியாது, முதுகுதான் தெரியும். கார் வேண்டாம், மெட்ரோவில் வந்து ஆட்டோ பிடிப்பதே நிம்மதி. சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், லட்சக்கணக்கில் ஆட்கள் கூடும் இடத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. ஒரு பழைய பருத்திச் சேலையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சட்டம் போட்ட படத்தைச் சுற்ற அதைவிட நல்லது இல்லை. வாங்கியதும் ஓவியரிடம் பின்பக்கம் பெயரும் வருடமும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீர்வண்ணத்தை வெயில் நேராக விழும் சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள்.

எங்கள் வீட்டில் டீக்கடைப் படம் சமையலறைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. காலையில் அடுப்பில் பால் பொங்கும்போது திரும்பினால் அந்த ஆவிதான் கண்ணில் படும். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது வெறும் தாள் என்பது ஞாபகம் வருகிறது. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு படத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். மகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ‘சந்தை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் ஆரம்பித்தோம், இந்த மாதத்தோடு 1,400.