எடை குறைந்தாலே போலி ஆகிவிடாது

8 ரியால் என்பது பழைய ஸ்பானிய வெள்ளி நாணயம். "8 ரியால் நாணயம் 27 கிராமுக்குக் கீழே போனால் போலிதான்" என்று சொல்வது கடலில் கிடந்த நாணயத்துக்குப் பொருந்தாது. 1622இல் புளோரிடா அருகே மூழ்கிய அட்டோச்சா என்ற ஸ்பானியக் கப்பலின் 8 ரியால், அடிக்கப்பட்டபோது ஏறக்குறைய 27.4 கிராம். இன்று அவற்றில் பல 20 கிராம்கூடத் தேறுவதில்லை. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பாக்டீரியா உண்டாக்கும் சல்பைடு வெள்ளியை அரித்து, கருப்பு வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யும்போது அந்தப் படலம் எழுத்தோடு சேர்ந்து உதிரும். மணலில் புதைந்த பக்கம் தப்பி, மறுபக்கம் மொழுமொழுவென்று ஆகியிருப்பதும் உண்டு.

அடர்த்திச் சோதனையும் ஏமாற்றும். கன சென்டிமீட்டருக்கு வெள்ளி 10.5 கிராம், வெள்ளி சல்பைடு 7.2 கிராம்தான், படலம் மிஞ்சியிருந்தால் அசலும் குறைவாகவே காட்டும்.

பார்க்க வேண்டியது விளிம்பு: அச்சில் ஊற்றி வார்த்த போலியில் வார்ப்பு மடிப்புக்கோடு, குமிழிக் குழிகள் தெரியும். அசல் நாணயங்கள் கத்தரித்து எடுத்த தகட்டில் கையால் அடித்தவை என்பதால் இரண்டு நாணயங்கள் ஒரே வெளிக்கோடு, ஒரே விரிசலோடு இருக்கவே முடியாது. இருந்தால் அச்சில் வார்த்தவை. சான்றிதழ் மட்டும் போதாது, அதிலுள்ள படத்தோடு விரிசலை ஒப்பிடுங்கள். தட்டி ஒலி கேட்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், அரித்த வெள்ளி நொறுங்கும்.