சொட்டு நீலமும் நிபாவும்

2018 மே மாதம் கேரளத்தில், ஒரு நோயாளியைக் கவனித்ததில் நிபா வைரஸ் தொற்றிச் செவிலியர் லினி இறந்தபோது, அவர் தன் கணவருக்கு எழுதிய கடிதத்தை ஊரெல்லாம் பகிர்ந்து அழுதது. நானும் அழுதேன். தியாகி, தேவதை என்றெல்லாம் எழுதினோம். இருபத்தாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருப்பவள் சொல்கிறேன், அந்தச் சொற்களைக் கேட்டால் இப்போது கோபம்தான் வருகிறது. தேவதைக்குக் கையுறை வேண்டியதில்லை, பாருங்கள்.

பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் லினி கவனித்துக்கொண்ட அந்த இளைஞர் மே 5 அன்று இறந்தார். வந்திருப்பது நிபா என்று தெரிந்ததே அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த முறை நோய் பெரும்பாலும் பரவியதும் மருத்துவமனைகளுக்குள்ளேதான். ஆக, நிபா பற்றி எத்தனை கையேடு அச்சடித்திருந்தாலும் லினிக்கு உதவியிருக்காது. பெயர் தெரியாத காய்ச்சல் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இருமுகிறவருக்கு உடனே முகக்கவசம் கொடுத்துத் தனியே உட்காரவைப்பது, எங்கே போய் வந்தீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்பது, கேட்டதை மருத்துவர் காதில் விழும்வரை சொல்வது.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் கடினம். 2014-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், நோயாளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று செவிலியர் குறித்து வைத்திருந்தும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு எபோலா. திரும்ப வந்து சேர்ந்தபோது கவனித்த செவிலியர்களில் இருவருக்குத் தொற்றியது. நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள். அதன் பிறகுதான், கவச உடையைப் போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இந்தப் பயிற்சி எப்படி நடந்தது தெரியுமா? குளிரூட்டிய அறையில் இரண்டு மணி நேரம் திரையில் படம், பிறகு சமோசா, தேநீர், குழுப்படம், சான்றிதழ். ஒருவர்கூட உடையைத் தொடவில்லை. அந்த எரிச்சலில், இரவுப் பணியில் என் வார்டுப் பெண்களை வைத்து நானே ஒன்று செய்தேன். கவச உடை போட்டதும் கையுறை மேல் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தடவிவிட்டுக் கழற்றச் சொன்னேன். கையுறை முதலில், முகக்கவசம் கடைசியில், அதுவும் அறைக்கு வெளியே வந்த பிறகு என்று எல்லோரும் ஒப்பித்தார்கள். கழற்றி முடித்தபோது ஒருத்திக்கு மணிக்கட்டில் நீலம், இன்னொருத்திக்குக் கழுத்தில். எனக்குக் காதோரத்தில்! வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை என்று பல மாதம் செய்த பிறகுதான் சிலருக்குக் கை படிந்தது. மாதம் இரண்டு பாட்டில் நீலம், வீணாய்ப் போகவிருந்த காலாவதியான உடைகள். செலவு அவ்வளவுதான்.

படிந்த கைகளையும் நாம் வைத்துக்கொள்வதில்லை. கொரோனாவுக்காகத் தமிழக அரசு எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. மாற்றுப் பணி தருவதாகச் சொன்னார்கள், சரி. ஆனால் வாளையாரைத் தாண்டினால் கேரளம். அடுத்த செப்டம்பரிலேயே கோழிக்கோட்டில் மறுபடி நிபா வந்து ஆறு பேருக்குத் தொற்றி, இருவர் இறந்தார்கள். என் வார்டில் நீலம் ஒட்டாமல் கழற்றத் தெரிந்தவர்கள் நான்கு பேர். அந்த டிசம்பரோடு போனவர்கள் மூன்று பேர்.