எழுபது வருஷத்தை வெட்டிவிட்ட ஆறுதல்

காலம் கெட்டுப்போகும்போதெல்லாம் கிறிஸ்தவர்களின் கைக்கு முதலில் வருவது வேதாகமத்தின் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலை போனவருக்கும் அதுதான், வழக்கில் தோற்றவருக்கும் அதுதான், கூடவே ஒரு சூரிய உதயப் படம். வசனத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு முந்தைய வசனத்தை வெட்டிவிட்டு அனுப்புகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து எழுதியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். படிக்கிற பெரியவர்களுக்கு அதன் பொருள் விளங்காமலா போயிருக்கும்? நீங்கள் ஊர் திரும்பப்போவதில்லை; உங்கள் பேரப்பிள்ளைகள் திரும்பலாம். அதே காலத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி தேவாலயத்தில் எழுந்து நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அறிவித்தான். பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தைக் கழற்றி, ஜனங்கள் பார்க்க உடைத்தும் போட்டான். அன்றைக்குக் கூட்டம் யார் பக்கம் நின்றிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? இன்றைக்கும் மேடை அனனியாவுக்குத்தான்.

இப்படிப்பட்டவர்கள் காயத்துக்கு மேற்பூச்சு பூசுகிறார்கள், சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் சமாதானம் என்கிறார்கள் என்று எரேமியா வைதார். அந்தப் பூச்சை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த நேரம். வேலை பார்த்த இடத்தில் சில மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பெண் சொல்ல ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை, பெரியவர் ஒருவர் அவர் தலையில் கைவைத்து, "எல்லாம் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், சிஸ்டர். கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, கையில் பிடித்திருந்த காகிதத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

கெட்ட எண்ணத்தோடு அந்தப் பெரியவர் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் துன்பம் வேறு, அநியாயம் வேறு. நோயில் கிடப்பவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லலாம். கொள்ளையடிக்கப்பட்டவரிடம் அதையே சொன்னால், கொள்ளைக்காரனுக்கு அல்லவா அது ஆறுதல்?

எரேமியாவே பொறுமையாக இருந்தவரில்லை. "ஆகாதவர்களின் வழி வாய்க்கிறதென்ன?" என்று கடவுளையே கேட்டவர். சங்கீதப் புத்தகத்திலும் முறையீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. நம் பாட்டு வரிசையில் அவை எத்தனை இடம் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள்.

எரேமியா புத்தகத்தின் 34ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. பயத்தில் நகரத்துக்குப் பக்தி வந்துவிடுகிறது. ராஜா சிதேக்கியா முன்னின்று உடன்படிக்கை செய்ய, பிரபுக்களும் ஜனங்களும் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்கிறார்கள். ஏழாம் வருஷத்தில் விடுவிக்க வேண்டும் என்று நியாயப்பிரமாணம் எப்போதோ சொன்னதுதான். முற்றுகை வந்த பிறகு ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு எகிப்தின் படை புறப்பட்டு வரவே, பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்திப் பின்வாங்குகிறார்கள். ஆபத்து விலகியதும் இவர்கள் செய்த காரியம், விடுவித்த அதே மனிதர்களைப் பிடித்துவந்து மறுபடியும் அடிமையாக்கியது. உபவாசமும் கண்ணீரும் பெருகுகிற நெருக்கடி காலங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அப்படியானால் நம்பிக்கை என்று எதைச் சொல்வது? அதற்கும் எரேமியாவிடமே போகிறேன். கி.மு. 587 வாக்கில், முற்றுகையின் கடைசிக் கட்டம். அவர் காவல்சாலையின் முற்றத்தில் கைதி. அப்பம் சுடுகிறவர்களின் தெருவிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். சுற்றிலும் எதிரியின் சேனை நிற்கும்போது நிலம் விற்க வந்த அந்த ஆளின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எரேமியா பேரம் பேசவில்லை. பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரம் எழுதுகிறார், முத்திரையிட்டதையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்பது அவருக்குக் கிடைத்த வார்த்தை. எல்லாம் முடிந்த பிறகுதான், நகரமே போகப்போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் முறையிடுகிறார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. சந்தேகம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது உழுதார் என்று வேதத்தில் இல்லை. பின்னாளில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

1943 ஆகஸ்டில், பெர்லினின் டேகல் சிறையிலிருந்து டீட்ரிச் போன்ஹோஃபர் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த நிலத்தைத்தான் குறிப்பிட்டார். நாஜி ஆட்சியை எதிர்த்த அந்தப் போதகருக்குத் தம் திருமணமும் அப்படியொரு நம்பிக்கையின் அடையாளமாகத் தெரிந்தது. திருமணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அமெரிக்கப் படை இரண்டு வாரம் கழித்து அங்கே வந்து சேர்ந்தது. இதை ஜெயமான சாட்சியாகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அனனியாவின் இரண்டு வருஷக் கணக்கைவிட இந்த மனிதரின் கடிதத்தை நம்பி என்னால் எழுந்து நடக்க முடிகிறது.

சபை அரசியல் பேசலாமா என்று யாராவது கேட்பீர்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை கட்டிய ராஜா யோயாக்கீமை, அவன் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தபோதே, ஐயோ என்று சபித்தவர் எரேமியா. அதற்கு அரசியல் என்று பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஜெபக்குறிப்பில் 'வேலை ஸ்தலத்தில் சமாதானம்' என்று எழுதுகிற இடத்தில், 'இன்ன மாதத்துச் சம்பளம் இன்னும் வரவில்லை' என்று எழுதுங்கள். ஆமென் சொன்ன கையோடு அந்தக் காகிதத்தை வாங்கிப் படியுங்கள். மனு எழுதத் தெரிந்தவர், சட்டம் படித்தவர், தொழிலாளர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போகக்கூடியவர் என்று ஒவ்வொரு சபையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களைக் காணிக்கை எண்ணத்தான் கூப்பிடுகிறோம்.